இருமுறை வெந்த சேப்பங்கிழங்கு

செவ்வாய், வியாழன், சனி.
விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கையில்
ஆக்லாந்தின் தெற்கே, மாங்கெரேயின் ஈரத் தெருவில்
டோங்காக்காரர் சபையின் வேனைக் கிளப்புகிறேன்.
பின்கதவில் சிலுவை. அதன் கீழே அழுக்கில்
யாரோ விரலால் எழுதியது: என்னைக் கழுவு.
நான் கழுவுவதில்லை. ஜெபிப்பதுமில்லை.
சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது.

பெனிசிமானி வாசலில் நிற்பான்.
இடுப்பில் பாய் இல்லை; அது ஞாயிறுக்கு.
சட்டையின் இடது கை மட்டும் தளர்வு,
அதற்குள்தான் சிரையையும் தமனியையும்
சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.
காதை வைத்துக் கேளுங்கள் என்பான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம்.
தேனீ என்பார்கள்.
ஒருத்தி மட்டும் சொன்னாள்: ஃபிரிட்ஜ்.
மிட்டாய் அவளுக்குத்தான் கிடைத்தது.

நாலரை மணி நேரம்
இயந்திரம் அவன் இரத்தத்தைத் தோய்த்துப் பிழியும்.
நான் வேனில் தூங்குவேன்.

நாளைக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான் அவன் தண்ணீர்.
சட்டைப் பையில் சின்ன நோட்டு.
தேநீர் நூற்றைம்பது. மாத்திரையோடு ஐம்பது.
இது என் இரத்தம் என்று திருவிருந்தில் நீட்டிய கிண்ணத்தைக்
குடித்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பி எழுதினான்:
பதினைந்து.

இதே சபைதான் உன்னை நோயாளி ஆக்கியது என்பேன் நான்.
சாவுக்குப் பன்றி, பிறப்புக்குப் பன்றி,
போதகர் வந்தால் பன்றி, போனால் இரண்டு.
கீரை மடிப்பை அவிழ்த்தால்
தேங்காய்ப்பாலில் டின் மாட்டிறைச்சி கண் விழிக்கும்.
வேண்டாம் என்றால் அன்பையே வேண்டாம் என்றதாகும்.
ஆண்டுக் காணிக்கைக்குக் கடன் வாங்கியவர்கள்
மருந்துக் கடையில் சில்லறை எண்ணுவதை
நான் பார்த்திருக்கிறேன்.
அவன் மறுப்பதில்லை.
"தின்றது என் வாய்" என்பான்.

போன குளிர்காலத்தில்
எங்கிருந்தோ வந்த பிரசங்கியார் ஒருவர்
விசுவாசம் உள்ளவனுக்கு இயந்திரம் எதற்கு என்றார்.
வியாழன் கதவு திறக்கவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்தேன்.
சனியும் திறக்கவில்லை.
ஞாயிறு இரவு ஆம்புலன்ஸ்.
நுரையீரலில் தண்ணீர்; சபை முழுக்க முழங்காலில்.
நான் மருத்துவமனையின் கார் நிறுத்தத்தில்
டிக்கெட்டைத் துண்டு துண்டாய்க் கிழித்தபடி
கடவுளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
நம்பாதவன் யாரைத் திட்டுகிறான் என்று
யோசிக்க நேரமில்லை.

பிழைத்தான்.
ஜெபம் என்றார்கள் இவர்கள்.
டாக்டர் ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னார்.
அவன் கண் திறந்து என்னைத்தான் கேட்டான்:
"நீ ஏன் கதவை உடைக்கவில்லை?"

அதற்குப் பிறகு புதன்தோறும்
சபைச் சமையலறையில் பெரிய அலுமினியப் பானை ஏறுகிறது.
சேப்பங்கிழங்கைச் சீவி, பொடியாய் நறுக்கி,
வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு,
புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைக்கிறார்கள்.
பொட்டாசியம் போய்விடும். ருசியும்தான்.
பதினோரு பெண்கள் அந்த வெறும் கிழங்கை
அவனோடு உட்கார்ந்து தின்கிறார்கள்.
பாடகர் குழுவின் ஆண்களும் தின்கிறார்கள், முகத்தைச் சுளித்து.
போதகரின் மேல்பையில் ஒரு பொட்டலம் உப்பு இருப்பது
எல்லோருக்கும் தெரியும்.

போன ஞாயிறு, ஆராதனை நேரத்தில்,
கலோலைனே வேன் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.
முப்பது வருடம் நர்ஸ்.
கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை.
"இது உள்ளே வருபவர்களுக்கு அல்லவா?" என்றேன்.
"வெளியே நிற்பவனுக்கும் இரத்தம் ஓடத்தானே செய்கிறது"
என்று ஜன்னல் வழியே என் கையை இழுத்துக் கட்டினாள்.
பட்டை இறுகியது.
உள்ளே வாத்தியமில்லாமல் நாலு குரலில் பாட்டு.
அவள் உதடு அசைந்தது,
எண்ணினாளா பாடினாளா தெரியவில்லை.
நூற்று எழுபத்தெட்டு.
"அது எந்தப் பாட்டின் எண்?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

இன்று செவ்வாய்.
பெனிசிமானி ஏறி உட்கார்ந்ததும்
பையிலிருந்து இன்னொரு சின்ன நோட்டை எடுத்து
டாஷ்போர்டில் வைத்தான்.
முதல் வரியில், அவன் கையெழுத்தில்,
நூற்று எழுபத்தெட்டு.
வைப்பரைப் போட்டேன். மழை இல்லை.
அணைத்துவிட்டு
கியரைப் போட்டேன்.